அறுபதாயிரத்துக்குள் ஒரு முதல் ரைஃபிள்

காட்பாடிக்கு அருகில் ஒரு பட்டறையில் எட்டு ஆண்டுகளாக லேத்திலும் மில்லிங்கிலும் வேலை பார்த்துவரும் எனக்கு, இரவில் தூக்கம் வராதபோது அமெரிக்கக்காரர்கள் வெளியிடும் துப்பாக்கி வீடியோக்களைப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவற்றில் ஒரு வகை, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வகையில் தன் முதல் ரைஃபிளை ஒருவர் குறைந்த செலவில் சமையலறை மேசையின் மேலேயே பூட்டி முடிப்பதைக் காட்டுவது. அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் வரிசை எண் பொறித்த ஒரு பகுதி மட்டுமே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. மற்ற பாகங்களை, நாம் கிணற்று மோட்டாருக்கு உதிரிபாகம் வாங்குவதைப்போல, அவர்கள் தபாலிலேயே வரவழைத்துக்கொள்கிறார்கள். ஒரு துளை எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே பாதி சொல்லிவிடக்கூடிய தொழிலில் இருப்பவனுக்கு, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, நாமே செய்துவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான். எனக்கும் தோன்றியது.

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் தாய்மாமாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை விளையாட்டாகச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "டேய், நம்ம சட்டத்துல பார்ட்ஸும் துப்பாக்கிதான், அதைச் செய்யற மிஷினும் துப்பாக்கிதான். உன்னை மட்டும் இல்ல, உன் லேத்தையும் சேர்த்துத் தூக்கினு போயிடுவாங்க" என்றார். சொன்னது மிகையில்லை. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே அதன் பாகங்களையும் அதைச் செய்வதற்கான எந்திரங்களையும் சேர்த்திருக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி செய்பவருக்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என்று தண்டனை நிற்கிறது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களோ, செய்வது இருக்கட்டும், வாங்குவதற்கே சாதாரணக் குடிமகனுக்கு ஏறக்குறைய அடைபட்ட கதவு. ஜவ்வாது மலைப் பக்கம் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருந்தவர்களிடமே அதை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் துறை அறிவித்துக்கொண்டிருக்கும்போது, குடியாத்தத்தில் ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்ய நினைப்பது எவ்வளவு அறியாமை என்று அன்றுதான் உறைத்தது.

எஞ்சியது காற்றுத் துப்பாக்கி. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது 0.177 அங்குலத்துக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை; கடைக்காரர் அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். ஒலிம்பிக்கில் சுடப்படும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு இந்த 20 ஜூலில் பாதிகூட வேண்டியதில்லை. பெல்லட் எனப்படும் 0.53 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏழரை ஜூல் அளவில்தான் வரும். 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் இந்தச் சிறிய ஆற்றலைக்கொண்டுதான். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு அறுபதாயிரம் ரூபாய் என்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டேன். ஒன்றரை ஆண்டு ஓவர்டைம் பணம் அது.

முதல் பன்னிரண்டாயிரத்தை நான் வீணடித்ததைச் சொல்லிவிட வேண்டும். வைகாசி முதல் நாள் எங்கள் ஊரான குடியாத்தத்தில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன் சுடும் கடைகள் வரிசையாக நிற்கும். சிறுவயதில் அங்கே பத்துக்கு எட்டு உடைத்த பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையில், அந்தக் கடைத் துப்பாக்கிகளைப் போன்ற, குழலை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் வகைத் துப்பாக்கி ஒன்றை, தலையில் ஒரு பெரிய டெலஸ்கோப்பும் வைத்து வாங்கினேன். சுருள்வில் வகையில், பெல்லட் குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே கனமான பிஸ்டன் ஓடி முட்டுவதால் துப்பாக்கி ஒரு முறை பின்னுக்கும் ஒரு முறை முன்னுக்கும் உதறுகிறது. பிடியின் இறுக்கம் சிறிது மாறினாலும் பெல்லட் வேறிடத்தில் விழுகிறது. அந்த டெலஸ்கோப்பைப் போட்டியில் பயன்படுத்தவே முடியாது. பலூன் உடைக்க இது தாராளமாகப் போதும்.

பயிற்சியாளர் ஒருவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனபோது அவர் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. ஓர் இலக்கு அட்டையை என் கையில் கொடுத்து, நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியைக் காட்டி, "தம்பி, இந்தப் பத்தை அளந்து சொல்லுங்க" என்றார். பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து வைத்தேன். அரை மில்லிமீட்டர். முழு இலக்கும் 45.5 மில்லிமீட்டர், வளையத்திற்கு வளையம் இரண்டரை மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் புள்ளியின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே முக்கால் மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முன் சைட் பாயிண்ட் ஒன் எம்எம் நகர்ந்தால் 10 மீட்டரில் அது 1.3 மில்லிமீட்டராகப் பெருகுகிறது. பாயிண்ட் டூ நகர்ந்தால் பத்து போய்விட்டது. பாயிண்ட் டூ என்பது நாங்கள் பட்டறையில் ரஃப் கட்டிங்குக்கு விடும் கணக்கு. இதைக் கேட்டபோதுதான் இந்த விளையாட்டு என் தொழிலுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று புரிந்தது. அவர் மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் இரண்டாவது முறை பணத்தைப் பிரித்த விதம் வேறு. உயர் அழுத்தக் காற்றை ஒரு சிலிண்டரில் அடைத்து, ரெகுலேட்டர் வழியாக ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக வெளியேற்றும் பி.சி.பி. வகையில், இந்தியத் தயாரிப்பு ஒன்றைப் பழையதாக முப்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். அதற்கு முந்தைய வாரம், ஜெர்மானியத் தயாரிப்பு ஒன்று நம்ப முடியாத விலைக்கு வந்தது. சிலிண்டரின் மேல் பொறித்திருந்த தேதியைப் படித்துப் பார்த்தபோது பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பெரும்பாலான போட்டி ரைஃபிள்களின் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டு என்று ஆயுள் வைத்திருக்கிறார்கள். காலாவதியான சிலிண்டரோடு வராமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று பன்னாட்டுப் போட்டி விதியும் சொல்கிறது. இருநூறு பார் அழுத்தம் என்பது நம் பைக் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு. கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் பொருளில் அதைப் பரிசோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு முன்பு இந்தத் தேதியைப் படிக்க வேண்டும்.

சிலிண்டரை நிரப்பக் கைப்பம்பு. நின்றுகொண்டு, உடல் எடையைக் கொடுத்து, எழுபது தடவை அழுத்தினால் எனக்கு ஓர் அமர்வுக்கான காற்று கிடைக்கிறது. கத்திரி வெயிலில் முதல் வாரமே அவசரப்பட்டு ஒரே மூச்சில் அடித்ததில் பம்பு தொட முடியாத அளவுக்குச் சூடாகி உள்ளிருந்த ஓரிங் என்ற ரப்பர் வளையம் போய்விட்டது. இப்போது விடியற்காலையில், இருபது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடர்கிறேன். அம்மா இதை மாவாட்டுவதோடு ஒப்பிடுவார்.

கையால் செய்ய வேண்டும் என்ற என் பழைய ஆசைக்கு இடம் கிடைத்தது ரைஃபிளைச் சுற்றியிருக்கும் பொருள்களில்தான். ஆற்றலைக் கூட்டும் எந்த வேலையும் 20 ஜூல் எல்லையோடு விளையாடுவது என்பதால், குழல், வால்வு, ட்ரிகர் ஆகியவற்றின் பக்கம் நான் போகவில்லை. ரைஃபிளைத் தோளில் அணைக்கும் கட்டையில் கன்னம் படும் பகுதி எனக்குத் தாழ்வாக இருந்ததால் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வலித்தது. தெருவிலிருக்கும் ஆசாரி ஒருவர் தேக்குத் துண்டில் ஒரு மேடு செதுக்கித் தந்தார். அதை மேலும் கீழும் நகர்த்தி நிறுத்துவதற்கான இரண்டு தண்டுகளை நான் கடைந்துகொண்டேன். கூலி முந்நூறு. என் மதிப்பெண்ணில் வந்த பெரிய முன்னேற்றம் இந்த முந்நூறு ரூபாயால் வந்தது.

இடக்கையில் அணியும் கையுறைக்கு எங்கள் பக்கத்துக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் உலகம் முழுவதும் செருப்பாகவும் உறையாகவும் நடமாடுகிறது. பேரணாம்பட்டில் கையுறை தைக்கும் நண்பர் ஒருவர், உள்ளே ரப்பர் அட்டை வைத்து ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். முதலில் தைத்தது விதியில் அனுமதித்த 12 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டிவிட்டது. மைக்ரோமீட்டரால் அளந்து சொன்னபோது, செருப்புத் தோலுக்குக்கூட இப்படி யாரும் அளந்து பார்த்ததில்லை என்று கோபித்துக்கொண்டு மறுபடி தைத்தார். ஜாக்கெட்டை மட்டும் உள்ளூரில் தைக்கத் துணியவில்லை. கான்வாஸும் தோலுமாகத் தைக்கப்படும் அந்த உடையின் கனம் ஒற்றை மடிப்பில் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதோடு, ஒரு கிலோ எடையை வைத்து அழுத்தும்போது துணி எவ்வளவு வளைகிறது என்பதையும் அளக்கிறார்கள். ஆகவே, ஓய்வுபெற்ற வீரர் ஒருவரின் ஜாக்கெட்டை எட்டாயிரத்துக்கு வாங்கினேன். வேலூர் மே மாதத்தில் அதை அணிந்து நிற்பதைப் பற்றி எழுதி யாருடைய இரக்கத்தையும் பெற விரும்பவில்லை.

சுடும் இடத்துக்குச் செலவே இல்லை. தாத்தா காலத்தில் கைலி நெய்த வீடு எங்களுடையது. தறிகள் போன பிறகு, தெருவாசலிலிருந்து கொல்லைவரை ஓடும் நீளமான கூடம் சும்மா கிடந்தது. அளவு நாடாவைப் பிடித்தபோது சரியாகப் பத்து மீட்டரும் நான் நிற்க ஓர் இடமும் இருந்தன. இலக்கின் மையத்தைத் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் பொருத்தி, அதன் பின்னால் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டால் ஒரு பெட்டி செய்து, உள்ளே பருத்திக் கழிவை இறுக்கித் திணித்தேன். கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, கூடத்தில் யாரும் குறுக்கே வர முடியாதபடி செய்த பிறகே ரைஃபிள் பையிலிருந்து வெளியே வரும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்துக் கை கழுவாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். துப்பாக்கி வந்த செய்தி தெருவில் பரவியதும், மாடியில் குரங்கு வருகிறது, ஒரு சுடு சுடேன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது குரங்கையும் பறவையையும் சுட உரிமம் கொடுத்ததாகாது. அதற்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஒருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த அமெரிக்க வீடியோக்களை இப்போதும் எப்போதாவது பார்க்கிறேன். அங்கே ஒருமுறை ட்ரிகரை அழுத்தினால், வெடித்த தோட்டாவின் விசையே அடுத்த தோட்டாவை ஏற்றி வைத்துவிடுகிறது; சுடுபவருக்கு விரலை மடக்குவதைத் தவிர வேலையில்லை. என் ரைஃபிளில் ஒவ்வொரு பெல்லட்டையும் கட்டை விரலால் நானே வைக்க வேண்டும். போட்டியில் 60 பெல்லட்டுக்கு 75 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. முதலில் இது தாராளம் என்று நினைத்தேன். தூக்கி, கன்னம் வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, சரியாக அமையவில்லை என்று இறக்கி, மீண்டும் தூக்குவதற்குள் அது கரைந்துவிடுகிறது. இறக்குவதுதான் கடினம். பட்டறையில் தவறான அளவு என்று தெரிந்தால் எந்திரத்தை நிறுத்திவிடும் நான், இங்கே தவறு என்று தெரிந்தும் பல முறை சுட்டிருக்கிறேன்.

போகிக்கு முந்தைய நாள் பெட்டியைத் திறந்து பருத்தியைப் பிரித்து ஈயத்தைச் சேர்த்தேன். பழைய சாமான்களோடு அதை எரிக்க எடுத்துப் போன தம்பியிடமிருந்து பிடுங்கித் தராசில் வைத்தேன். இரண்டு கிலோவும் நூறு கிராமும் இருந்தது. ஐந்நூறு கொண்ட டப்பா எட்டு, அதாவது நாலாயிரம் பெல்லட், ஒன்றுக்கு 0.53 கிராம் என்று கணக்குப் போட்டால் இரண்டு கிலோ நூற்று இருபது வர வேண்டும். குறைந்த இருபது கிராமில் கொஞ்சம் பருத்தியில் சிக்கியிருக்கும். மீதியில் ஒன்றிரண்டு, பெட்டிக்கு மேலே சுவரில் அப்பா இன்னும் கவனிக்காத இடத்தில் இருக்கின்றன.