நன்றிப் பக்கத்தை நம்பாதீர்கள்

'பணம் செலுத்தப்பட்டது, நன்றி' பக்கம் திறந்த கையோடு ஆர்டரை உறுதிசெய்யும் கோடைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் தட்டலாம். பணம் கட்டியவரோ அது திறக்கும் முன்பே ப்ரவுசரை மூடிவிடலாம். நான் நம்புவது வெப்ஹூக்கைத்தான், அதாவது பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பை. அதையும், அனுப்பியது கேட்வேதான் என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு.

அதற்கு சர்வருக்கு வந்த பைட்டுகள் அப்படியே வேண்டும். ஃப்ரேம்வொர்க் பிரித்துப்போட்ட ஜேசனை (அறிவிப்பு வரும் தரவு வடிவம்) நாம் மறுபடி கோத்தால், ஓர் இடைவெளி மாறினாலும் ஹெச்மேக் (ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிடும் அந்தக் கையொப்பம்) பொருந்தாது. ரகசியச் சாவி தப்போ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பலருக்கும் சிக்கல் இங்கேதான்.

அடுத்து, ஒரே அறிவிப்பு இரண்டு முறை வரும். நாம் பதில் சொல்லாவிட்டால் ஸ்ட்ரைப் என்ற கேட்வே 3 நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் உள்ள ஈவென்ட் ஐடிக்கு டேட்டாபேஸிலேயே யூனிக் கட்டுப்பாடு போடுவேன்; ஒரே ஐடி இரண்டாம் முறை பதிவாகாது. 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று தேடிவிட்டு எழுதுவது போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் கிடைக்கும். ஐடியை எழுதும் இன்சர்ட்டும் ஆர்டர் மாற்றமும் ஒரே ட்ரான்சாக்ஷனில்; நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது. ஐடி ஏற்கெனவே இருந்தால் 'கிடைத்தது' என்று பொருள்படும் 200 அனுப்பிவிட்டு நடையைக் கட்டலாம். ரசீது, மின்னஞ்சல் எல்லாம் பிறகு செய்வதற்கான க்யூவுக்கு.

அறிவிப்புகள் வரும் வரிசைக்கும் உத்தரவாதமில்லை. 'ரீஃபண்ட் ஆனது' முதலில் வந்துவிட, 'பணம் வந்தது' ஆடி அசைந்து பின்னால் வரும். கண்ணை மூடிக்கொண்டு மேலெழுதினால், பணம் திருப்பிக் கொடுத்த ஆர்டர் பார்சலாகிவிடும். சந்தேகம் வந்தால் கேட்வேயிடமே தற்போதைய நிலையைக் கேட்டுவிடுவேன். தொகையும் கரன்சியும் ஆர்டரோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையை, ஏனோ, நிறையப் பேர் எழுதுவதே இல்லை.