தேரிக்காட்டுப் புழுதியும் என் பிக்கப்பும்: வீட்டில் செய்த ஏர் இன்டேக்

உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் கிடக்கிற தேரிக்காட்டை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு, இன்ஜின் காற்று இழுக்கிற வாயைக் குழாய் வைத்து மேலே தூக்கும் இந்த வேலையில் ஏன் இறங்கினேன் என்று விளக்க வேண்டாம். செக்கச்சிவந்த மணல், காற்று சேர்த்து வைத்த மேடுகள், நடுவே பனையும் முந்திரியும். நான் அந்தப் பக்கம் முருங்கைக்காயும் கருப்பட்டியும் ஏற்றுகிறவன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்க ஆரம்பித்தால் ஆடி, ஆவணி முடியும்வரை மண் தரையில் நிற்காது. முன்னால் ஒரு டிராக்டர் போனால் போதும், கண்ணாடிக்கு முன்னால் சிவப்புத் திரை விழும். அதைத்தான் இன்ஜினும் மூச்சாக இழுக்கிறது.

என் வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல். காற்று உள்ளே போகிற வாய் பானெட்டுக்குள் டயர் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அதாவது டயர் கிளப்பும் புழுதி நேராக வந்து சேரும் இடத்தில். போன வருஷம் வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி கம்ப்ரசர் காற்று அடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி இருட்டறையில் ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டுப் பார்த்தபோது மடிப்பின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு இரண்டு வெளிச்சப் புள்ளிகள். காற்று அடித்து அடித்து நானே காகிதத்தைக் கிழித்திருக்கிறேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. தேரி மண் பெரும்பாலும் குவார்ட்ஸ், மேலே இரும்புத் துரு பூசியதால்தான் சிவப்பு. குவார்ட்ஸ் இரும்பைக் கீறும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் அது போனால் இன்ஜினுக்குள் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

இன்னொரு காரணம் தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வாரம் எங்கள் பக்கத்துச் சாலைகள் இருந்த கோலத்தைப் பார்த்த பிறகு காற்று வாயை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிட்டது. அதற்காக வெள்ளத்தில் வண்டியை விடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்டர்னேட்டர், பிரேக், பின் ஆக்சிலின் பிரீதர் என்கிற காற்றுத் துளை எல்லாம் கீழேதான் இருக்கின்றன. வாய் மேலே போவதால் இன்ஜின் தண்ணீர் குடிக்காது, அவ்வளவுதான்.

முதலில் கணக்கு

2.5 லிட்டர் இன்ஜின், 3200 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 3200 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இழுக்கும். ஆக நிமிஷத்துக்கு 4000 லிட்டர். சிலிண்டர் முழுக்க நிறையாது, ஆனால் டர்போ அதற்கு மேல் திணிக்கும். இரண்டையும் சேர்த்து 5000 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். நொடிக்கு 83 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஐந்தரைக் குடம் காற்று ஒவ்வொரு நொடியும் அந்தக் குழாய் வழியே போயாக வேண்டும். இதை மனதில் படம் பிடித்தபின்தான் குழாய் வாங்கப் போனேன். போயும் முதல் தடவை தப்பாகவே வாங்கினேன்.

இரண்டரை இஞ்ச், அதாவது 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயும் மூன்று எல்போவும் வாங்கினேன். உச்சியில் டிராக்டரில் இருக்குமே கண்ணாடிக் கிண்ணம் வைத்த பிரீகிளீனர், ஃபில்டருக்கு முன்பே புழுதியைப் பிரிப்பது, அதில் பழையது ஒன்று கிடைத்தது. டிராக்டர் புழுதியில்தானே உழுகிறது, அதற்குத் தாங்கினால் இதற்கும் தாங்கும் என்று நினைத்தேன்.

ஃபெண்டர்

குழாய் பானெட்டுக்குள்ளிருந்து வெளியே வர ஃபெண்டரில், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டில், ஓட்டை போடாமல் முடியாது. வண்டியோடு வந்த ஃபெண்டரில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பழைய இரும்புக் கடையில் அதே மாடல் ஃபெண்டர் ஒன்று, நுனி நெளிந்தது, 900 ரூபாய்க்குக் கிடைத்தது. நெளிவைத் தட்டி எடுத்து அதில் ஓட்டை வெட்டினேன். ஒரிஜினல் ஃபெண்டர் பழைய சேலையில் சுற்றி வீட்டுப் பரணில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் அரை நாளில் பழையபடி மாற்றிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. இதைப் படித்துவிட்டுச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வாரண்டி இருக்கிற வண்டி என்றால் தொடவே வேண்டாம். எனக்கு வாரண்டி முடிந்து நாளாயிற்று.

ஒன்றில் மட்டும் ஆரம்பத்திலிருந்து உறுதியாக இருந்தேன். ஃபில்டர் பெட்டி, ஃபில்டர், அதற்குப் பிறகு டர்போ வரை போகும் குழாய் எதையும் தொடுவதில்லை. சிலர் பெட்டியைத் தூக்கிவிட்டு கூம்பு ஃபில்டரை நேராக மாட்டுகிறார்கள், சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காக. பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை அது இழுக்கும். 10 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் போல் குறையும். அதைவிட, தேரிப் புழுதியில் அப்படி ஓட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கொத்தனார் டியூப்பில் அளந்தது

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. காற்று சுலபமாகப் போகிறதா, திணறுகிறதா என்று காதில் கேட்டுச் சொல்ல முடியாது. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்பை எடுத்து, பலகையில் யு மாதிரி வளைத்துக் கட்டி, நடுவில் ஸ்கேல் ஒட்டி, தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டேன். ஃபில்டர் பெட்டிக்குச் சற்று முன்னால் குழாயில் சின்னத் துளை போட்டு, சொட்டு நீர்ப் பாசனத்துக்கு வாங்கும் நிப்பிளைச் சொருகி, அதிலிருந்து மைக்ரோ டியூப்பை கேபினுக்குள் கொண்டு வந்து யு குழாயின் ஒரு முனையில் மாட்டினேன். மறு முனை திறந்தே இருக்கும். இன்ஜின் இழுக்கும்போது ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் நம் குழாய் ஏற்படுத்தும் தடை.

ஒரு டன் பாரம் ஏற்றி, காலியான சாலையில் மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம் தாண்டி மிதித்தேன். மச்சான் பக்கத்தில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு படித்தான். கம்பெனிக் குழாயோடு மட்டும் 40 மில்லிமீட்டர். 75 மில்லிமீட்டர் குழாயும் எல்போக்களும் மாட்டி 120. அதற்கு மேல் டிராக்டர் கிண்ணத்தை வைத்து மிதித்தபோது “அத்தான், தண்ணி போச்சு!” என்று கத்தினான். பார்த்தால் நீலத் தண்ணீர் மைக்ரோ டியூப் வழியாக உறிஞ்சப்பட்டு பைப்புக்குள்ளேயே போய்விட்டது. ஃபில்டருக்கு முன்னால் என்பதாலும் இரண்டு கரண்டித் தண்ணீர்தான் என்பதாலும் ஒன்றும் ஆகவில்லை. உடனே நிறுத்தி ஃபில்டரைக் கழற்றிக் காயவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். மறுநாள் நீளமான பலகை கட்டி அளந்ததில் 440.

டீசல் வண்டிகளில் ஃபில்டரை மாற்றச் சொல்லும் இண்டிகேட்டர் பொதுவாக 25 இஞ்ச் தண்ணீர், அதாவது 635 மில்லிமீட்டர் போல் வந்ததும் சிவப்பு காட்டும். அந்த 635-ல் ஃபில்டரின் பங்கும் இருக்க வேண்டும். நான் ஃபில்டருக்கு வெளியிலேயே 440-ஐத் தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

காரணம் கணக்கிலேயே இருந்தது. டிராக்டர் இன்ஜின் என் வண்டியைவிடப் பெரியதாக இருந்தாலும் 2000 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் ஓடும், பலவற்றில் டர்போவும் கிடையாது. என் இன்ஜின் அதைப் போல இரண்டு மடங்கு காற்று இழுக்கிறது. காற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். கிண்ணத்தில் குறை ஒன்றும் இல்லை, அது வேறு அளவுக்குச் செய்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எல்போவைக் கையில் வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினார். “தம்பி, காத்து போற பாதை வளையலாம், முறியக் கூடாது பாத்துக்கிடு” என்றார். எல்போவின் உள்மூலை கூர்மையாக, முழங்கை மடங்கின மாதிரி இருக்கும். காற்று அங்கே சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். அதற்குப் பதில் பெரிய வளைவு உள்ள பெண்டு போட வேண்டும்.

இரண்டாவது முயற்சி

மூன்று இஞ்ச், 90 மில்லிமீட்டர் குழாய், பெண்டுகள். நான்கு கிலோ அழுத்தம் தாங்கும் ரகக் குழாய் மெல்லிசு, உள்விட்டம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், இங்கே தண்ணீர் அழுத்தம் கிடையாது என்பதால் அதுவே போதும். வெட்டின ஓரங்களை உள்பக்கம் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தேன். பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் இளகும், அதனால் பானெட்டுக்குள் அது வேண்டாம் என்று முடிவு. ஃபெண்டரிலிருந்து பெட்டி வரை கம்பி வைத்த ரப்பர் ஹோஸ், இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப். கம்பி இல்லாத ஹோஸ் உறிஞ்சும்போது சப்பிப் போகும். இப்போது தடை 45 மில்லிமீட்டர். கம்பெனிக் குழாயைவிட ஐந்துதான் கூடுதல். அன்றைக்கு மச்சானுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு புழுதி பிரிக்கும் பகுதி. 110 மில்லிமீட்டர் குழாய் ஒரு அடி நீளம், செங்குத்தாக. அதன் மேல்பகுதியில் எட்டு அலுமினியத் தகடுகள், நடுவில் மூடிய 40 மில்லிமீட்டர் குழாய்த்துண்டைச் சுற்றி மின்விசிறி இறக்கை மாதிரி சாய்த்து பாப் ரிவெட் அடித்தது. இது சுற்றாது, காற்றைத்தான் சுற்றவைக்கும். சுழலும்போது கனமான மண் வெளிச்சுவருக்கு ஒதுங்கும். நடுவில் இருக்கும் சுத்தமான காற்றை எடுக்க 75 மில்லிமீட்டர் குழாய்த்துண்டு கீழேயிருந்து உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்குக் கீழே ரெடியூசர் போட்டு 90-க்கு மாறிவிடும். இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் வளைய இடைவெளி. மண் அதில் விழுந்து, அடியில் பக்கவாட்டு ஓட்டை வழியாக ஊறுகாய் பாட்டிலுக்குள் இறங்க வேண்டும். உச்சியில் மழைக்கு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூன்று போல்ட்டில் நிறுத்தினேன். தடை 105 ஆனது. இதற்கு நான் சம்மதம்.

முதல் வாரம் பாட்டிலில் ஒன்றுமே இல்லை. ஒரு சிட்டிகை கூட இல்லை. இறக்கையின் சாய்வு தப்போ என்று பிரித்து மறுபடி ரிவெட் அடித்தேன், அப்போதும் இல்லை. நாலு நாள் மண்டையைக் குடைந்த பிறகு, வண்டி ஐடிலில் ஓடும்போது ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்தேன். பாட்டில் மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் புகை நூல் மாதிரி நீண்டு மூடிக்குள் போய்விட்டது. மூடி வழியாக வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. கீழிருந்து காற்று ஏறினால் மண் எப்படி இறங்கும்? லாரி டியூப்பில் வாஷர் வெட்டிப் போட்டு, மூட்டைச் சுற்றி எம்சீல் அப்பினேன். மறுநாள் உடன்குடி போய்வந்து பார்த்தால் பாட்டிலின் அடியில் மெல்லிசாகச் சிவப்பு. குங்குமச் சிமிழைத் திறந்த மாதிரி இருந்தது.

பத்து நாளில் இன்னொன்றும் நடந்தது. கண்ணாடி ஓரத் தூணிலும் ஃபெண்டரிலும் குழாயை இறுக்கிக் கட்டியிருந்தேன், ஃபெண்டர் தகடு அதிர்ந்து அதிர்ந்து கீழ்ப் பெண்டின் கழுத்தில் மயிரிழை விரிசல். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாயை வெட்டி எடுத்து ரப்பர் ஹோஸ் போட்டேன், கிளாம்புக்கு அடியில் சைக்கிள் டியூப் சுற்றினேன். அதன்பின் விரிசல் இல்லை. வெயிலுக்காகக் கறுப்பு பெயிண்டும் அடித்தாயிற்று.

எடை போட்டுப் பார்த்தது

மச்சான் மளிகைக் கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஃபில்டரை நிறுத்தேன். பழைய அமைப்பில் புது ஃபில்டர் போட்டு 1000 கிலோமீட்டர் ஓட்டியபோது 96 கிராம் எடை கூடியிருந்தது. புதிய அமைப்பில் இன்னொரு புது ஃபில்டர், அதே ஊர்கள், அதே 1000 கிலோமீட்டர்: 31 கிராம். பாட்டிலில் 70 கிராம். காற்றும் மழையும் ஒன்றுபோல இருக்காது என்பதால் இதைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு மண்ணையும் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பாட்டிலில் இருப்பது நறநறவென்று இருக்கிறது, எவர்சில்வர் டம்ளரில் தேய்த்தால் கீறல் விழுகிறது. ஃபில்டரில் இருப்பது முகப்பவுடர் மாதிரி வழுக்குகிறது. அதாவது சுழற்சி பெரிய மண்ணை எடுத்துவிடுகிறது, பொடிமண் தப்பித்து வருகிறது, அதைப் பிடிக்கக் காகித ஃபில்டர் இருந்தே ஆக வேண்டும். பொடிமண்ணும் இன்ஜினைத் தின்னும் என்பதால், ஃபில்டருக்குப் பிறகு உள்ள குழாயின் உள்சுவரில் லேசாகக் கிரீஸ் தடவி ஒரு வாரம் ஓட்டிவிட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் கிரீஸ் மட்டும்தான் இருந்தது. அந்தத் துணியை மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மைலேஜ் கூடவில்லை, இழுவை கூடவில்லை. அதற்காகச் செய்யவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து மிதித்தால் தலைக்குப் பக்கத்தில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம், இப்போது அது இல்லாமல் ஓட்டினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. ஃபெண்டர் சேர்த்து மொத்தச் செலவு 3,400 ரூபாய், அதில் 75 மில்லிமீட்டர் குழாயும் எல்போவும் வீணான 400-ம் அடக்கம். ஃபில்டருக்குக் காற்று அடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன். லேசாகத் தட்டி மாட்டுகிறேன், அடைத்தால் புதிது போடுகிறேன்.

பாட்டிலை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்ட வேண்டியிருக்கிறது, ஆடியில் தினமும் கொட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. பெரிய பாட்டில் ஒன்று தயாராக இருக்கிறது, வாஷர் வெட்டியாயிற்று, எம்சீல் காய்ந்துகொண்டிருக்கிறது. காலையில் முருங்கைக்காய் லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஊதுபத்தி வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.