பனிமூட்டத்துக்கு முன்

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1885-ல் வரைந்த ‘தி ஃபாக் வார்னிங்’ (பனிமூட்ட எச்சரிக்கை) ஓவியத்தை இன்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பார்த்தது திரையில்தான்.

சின்னத் துடுப்புப் படகு, அதில் தனி ஆள். பின்பக்கம் பெரிய ஹாலிபட் மீன்கள், வெள்ளை வயிறு பளிச்சென்று தெரிகிறது. நல்ல வேட்டைதான். ஆனால் அவன் மீனைப் பார்க்கவில்லை. துடுப்பை நிறுத்திவிட்டுத் தோளுக்கு மேலாகத் திரும்பி, அடிவானத்தில் நகம் அளவுக்குத் தெரியும் தாய்க்கப்பலைப் பார்க்கிறான். அதற்குப் பின்னால் கருத்த சுவர் மாதிரி பனிமூட்டம். அது மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். படகைக் கனக்க வைப்பதோ அவன் பிடித்த அதே மீன்கள்!

புயலும் இல்லை, பேரலையும் இல்லை. முகம்கூட முழுசாகத் தெரியாது. வேறு ஓவியராக இருந்தால் கண்ணீரும் கூப்பிய கையும் போட்டிருப்பார். ஹோமர் கழுத்தை மட்டும் திருப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார். வட அட்லாண்டிக்கில் அப்போது இப்படித்தான் பிழைப்பு: கப்பலிலிருந்து சிறு படகுகளை இறக்கித் தூண்டில் கயிறு போடுவார்கள். பனியில் வழி தவறிப் போனவர்கள் உண்டு.

இதற்கு முதலில் ‘ஹாலிபட் மீன்பிடிப்பு’ என்றுதான் பெயராம். அந்த உப்புச்சப்பில்லாத பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.