கெனோசிஸ்

"தம்பி, இப்ப ஜெபிக்கலாமா? பேரனுக்குக் காய்ச்சல், அதுக்குத்தான் வந்தேன்."

நேற்று ராத்திரி, லிங்கராஜபுரத்தில் வீட்டு ஜெபக்கூட்டம். கேட்டவர் மூலையில் உட்கார்ந்திருந்த தையல்கார அக்கா.

அதற்கு முன் 40 நிமிடம் நான்தான் பேசினேன். பைபிளில் பிலிப்பியர் 2:7, கிறிஸ்துவின் தாழ்மையைச் சொல்லும் வசனம். "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன வினைச்சொல், அதிலிருந்து கெனோசிஸ், அதாவது 'தன்னை வெறுமையாக்குதல்' என்ற சொல் எப்படி வந்தது, எல்லாம். குரலும் நன்றாகவே ஏறியிருந்தது.

அக்காவின் கையில் மருந்துச் சீட்டு. அத்தனை நேரமும் மடித்து மடித்து, வியர்வையில் நைந்து போயிருந்தது.

தாழ்மையைப் பற்றித்தான் பேசினேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பைபிளில் வரும் போதகன் அப்பொல்லோ வேதத்தில் வல்லவன். எபேசுவில் அவனுக்கு இன்னும் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அவன் முகம் சுளித்ததாக அப்போஸ்தலர் 18-இல் ஒரு வரி இல்லை. நானாக இருந்தால், எந்த செமினரியில் படித்தீர்கள் என்று கேட்டிருப்பேன்.

காலையில் அக்காவுக்கு போன் செய்தேன். காய்ச்சல் விட்டுவிட்டதாம். "நேத்து நல்லா பேசினீங்க தம்பி" என்றார்.

அதுவும் உள்ளே இனிக்கத்தான் செய்தது. என்ன செய்ய!