அடிக்கு மூன்று மில்லிமீற்றர்: வெள்ளவத்தைக் கரையோரப் பாதையை அறைச் சுவரோரம் கட்டுதல்

மாதிரி ரயில் செட்டுப் பெட்டியில் வரும் எச்ஓ (1:87 அளவுத்திட்டம்) தண்டவாளத்தில் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 16.5 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1435 மி.மீ. பாதையை 87 ஆல் வகுத்த அளவு அது. இலங்கையில் எங்கள் பாதை ஐந்தரை அடி, 1676 மி.மீ. அதை 87 ஆல் வகுத்தால் 19.3 வரும். அதனால்தான் எச்ஓ பெட்டிகளுக்கு எங்கள் ரயிலின் நிறத்தை எவ்வளவு கவனமாக அடித்தாலும், நேர் எதிரே குனிந்து பார்த்தால் வண்டி காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

இதற்காகத் தண்டவாளத்தை மாற்றத் தேவையில்லை, அளவுத்திட்டத்தை மாற்றினால் போதும். நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் 3 மி.மீ. ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் 16.5, மயிரிழை பிசகாது. விகிதமாகச் சொன்னால் 1:101.6. கட்டடக்கலை மாணவர்கள் 1:100 மாதிரிகளுக்கு வாங்கும் ஆட்களும் கார்களும் அப்படியே பொருந்தும். கணக்கும் வாய்ப்பாட்டோடு முடிந்துவிடும்: பத்தடிச் சுவர் என்றால் ஏறத்தாழ ஆயிரம் அடிக் கடற்கரை. மலையகப் பாதையின் இறுக்கமான ஐந்து சங்கிலி (ஒரு சங்கிலி 66 அடி) வளைவு கூட 330 அடிதான், அதாவது 990 மி.மீ. ஆரை. அது ஒரு படுக்கையறைக்குள் அடங்கும். (களனிவெளியின் பழைய இரண்டரை அடிப் பாதை மட்டும் 7.5 மி.மீ. கேட்கும். அந்த அளவில் கடைத் தண்டவாளம் கிடையாது.)

விலையும் உண்டு. எஞ்சினின் உடலை நீங்களேதான் செய்ய வேண்டும். 1954 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்2 டீசல் எஞ்சின் நல்ல ஆரம்பம். பெரும்பாலும் தட்டையான பக்கங்கள், 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு போதும். உள்ளே போடும் எச்ஓ அடித்தளத்தை (மோட்டரும் சில்லும் உள்ள கீழ்ப்பகுதி) வாங்குமுன் சில்லு விட்டத்தைப் பார்க்கவும். 40 அங்குலச் சில்லு இங்கே 10 மி.மீ. தான். எச்ஓ வில் அதே சில்லு 11.7 இருக்கும், உடல் தேவையில்லாமல் உயர்ந்து நிற்கும்.

பலகைக்கு வருவோம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். கொழும்புக் கடலோரத்தில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஜன்னல் திறக்கிற வீட்டில் அது ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் ஊதிவிடும். இரண்டுக்கு ஒன்று அங்குல அலுமினியம் பொக்ஸ் பாரில் சட்டம், மேலே 9 அல்லது 12 மி.மீ. மரீன் பிளைவூட், வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ். கறையானுக்கு அலுமினியத்தில் வேலையில்லை. அகலம் 14 அங்குலம் போதும்: முன்னால் கடல், பிறகு பாறை, இரட்டைப் பாதை, மரீன் டிரைவ் வீதி, சுவரோடு ஒட்டிய மாடிவீடுகள். பத்து மாடி 100 அடி என்று வைத்தால் 30 செ.மீ. உயரம், ஆழம் 2 செ.மீ. காட்டினால் கண்ணுக்குப் போதும்.

தண்டவாளக் கம்பி நிக்கல் சில்வராக (செப்பும் நிக்கலும் சேர்ந்த கலப்புலோகம்) இருக்க வேண்டும். பழைய செட்டுகளில் வரும் இரும்புக் கம்பி உப்புக்காற்றில் சில வாரங்களில் துருவேறும். இரும்பு ஆணியும் அப்படித்தான், அதன் துரு சல்லியில் மஞ்சளாக ஊறும். தண்டவாளத்தைப் பலகையில் ஒட்டி, ஆணியைப் பசை காயும் வரை மட்டும் குத்தி வைத்துப் பிடுங்கிவிடுங்கள். ஒரு யார் துண்டுகளுக்கிடையில் அரை மி.மீ. இடைவெளி விடவும். ஏசி போட்ட அறையில் 20 பாகையில் மூன்று மீற்றரையும் இடைவெளியின்றி ஈயம் வைத்து ஒட்டிவிட்டு, மறுநாள் ஏசியை நிறுத்தினால் கம்பி 0.6 மி.மீ. நீளும். போக இடமில்லாமல் பக்கவாட்டில் வளையும்.

தண்டவாள இணைப்பை மின்சாரத்துக்கு நம்ப வேண்டாம். உள்ளே உப்புப் படிந்து, ஒரு மூலையில் வண்டி தவழத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியும். பலகைக்கடியில் 7/0.67 (0.67 மி.மீ. இழை ஏழு) வீட்டு வயர் இரண்டு ஓடட்டும். ஒவ்வொரு யாருக்கும் ஒரு சோடி ஊட்டு வயர் மேலே வரட்டும். நெட்வேர்க் கேபிளை உரித்தால் உள்ளே கிடைக்கும் மெல்லிய வயர் இதற்கு அளவு, 15 செ.மீ. க்கு மேல் வேண்டாம். ஈயம் வைக்கும் இடத்தைக் கம்பியின் வெளிப்புறத்தில் அரத்தால் சுரண்டி, இருபுறமும் ஈரத் திசுத்தாள் வைத்து, 40 வாற்று அயனை இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் பிடிக்காமல் எடுத்துவிடவும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் சிலிப்பர் (கம்பிகளைத் தாங்கும் குறுக்குக் கட்டை) இளகி 16.5 என்பது 16.2 ஆகிவிடும். பிறகு அதே இடத்தில் தினமும் தடம்புரளும், ஏன் என்றே புரியாது. குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸை (ஈயம் பிடிக்கப் பூசுவது) தொடவே கூடாது, ரோசின் மட்டும்.

கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் 12 வோல்ற் 2 அம்பியர் அடப்டரும் ஒரு வேகக் கட்டுப்படுத்தியும் ஒரு வண்டிக்குத் தாராளம். கட்டுப்படுத்தியிலிருந்து பாதைக்குப் போகும் ஒரு வயரில் காரின் பிரேக் பல்ப் ஒன்றை, 12 வோல்ற் 21 வாற்று, தொடராகப் போடுங்கள். வண்டி புரண்டு ஷோர்ட் ஆனால் பல்ப் எரியும், வேறெதுவும் எரியாது. அமெரிக்கப் பவர் பெட்டி 120 வோல்ற்றுக்கானது. எங்கள் 230 இல் நேரே செருகினால் அன்றோடு சரி.

சல்லிக்குக் கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, எங்கள் கரைகளில் இருக்கும் கறுப்புக் கனிம மணல். காந்தத்தை ஒருமுறை உள்ளே விட்டு எடுத்தால் மீசை முளைத்தது போல் ஒட்டிக்கொண்டு வரும். எஞ்சினின் மோட்டருக்குள்ளும் இதுவே நடக்கும். கல்லுடைக்கும் இடத்துத் தூளை வாங்கி, கழுவி, காயவைத்து, அரிதட்டில் அரித்து அரை மி.மீ. அளவானதை எடுங்கள். இரண்டங்குலச் சல்லிக்கு அதுதான் கணக்கு. பத்தடி இரட்டைப் பாதைக்கு ஒரு லீற்றர் போகும். உலர்ந்தபடியே பரப்பித் தூரிகையால் ஒதுக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட நீரைப் புகையாக விசிறி, ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சிரிஞ்சியால் சொட்ட விடவும். பாதை மாற்றியின் அசையும் நாக்கில் முன்பே ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் வைத்தால் பசை பிடிக்காது. மழைக்காலத்தில் இரண்டு நாள் காயட்டும். பொலித்தீன் போட்டு மூடினால் பூஞ்சணம் வரும்.

இந்தக் காட்சியின் உயிர் பாறைக்கட்டுதான். கட்டட வேலைக்கு விற்கும் அரை அங்குலச் சல்லி எங்கள் கணக்கில் நாலடிப் பாறை, கால் அங்குலம் இரண்டடி. இரண்டையும் கலந்து பெரியதைக் கீழே, சிறியதை இடுக்குகளில். பத்தடிக்கு இரண்டு லீற்றர், மூன்று கிலோவளவில் வரும், அதனால் ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) சரிவின் மேல் ஒரே அடுக்குதான். ஒரே சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டால் லொறியில் கொட்டிய குவியல் போலிருக்கும். அலை தொடும் கோட்டுக்குக் கீழே கறுப்போடு பாசிப்பச்சை, அதற்கு மேலே ஒரு விரல் அகலம் வெளிறிய உப்புப் பட்டை, அதன் மேல்தான் கல்லின் சொந்த நிறம்.

கடலுக்கு ரெசின் ஊற்றும் ஆசையை விடுங்கள். ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் இரவோடு இரவாகத் தரைக்கு இறங்கிவிடும். திசுத்தாளை வெள்ளைப் பசையில் நனைத்துக் கரைக்குச் சமாந்தரமாகச் சுருக்கி விரித்து, காய்ந்தபின் நிறம்: பாறையடியில் கலங்கிய பச்சை, முன் விளிம்பில் கருநீலம். மேலே பளபளக்கும் அக்ரிலிக் வார்னிஷ் நாலு மெல்லிய பூச்சு. மழைநாளில் லக்கர் ஸ்பிரே அடித்தால் ஈரம் பிடித்துப் பால் போல் வெளுக்கும். நுரைக்குத் தெளிந்த சிலிக்கனை வைத்துப் பல்குத்தும் குச்சியால் இழுக்கலாம், ஆனால் வினாகிரி மணக்கும் சிலிக்கன் வேண்டாம். அந்த அமிலம் அடியில் இருக்கும் செப்பு வயரைப் பச்சை பிடிக்க வைக்கும். மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தென்னை 50 அடி, 15 செ.மீ. தண்டு 3 மி.மீ., அடி கொஞ்சம் தடித்து, கடலை நோக்கிச் சாய்ந்து. ஓலை 15 அடி, 4.5 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் பதினாறு போதும். இளம் ஓலை நிமிர்ந்து, நடுவிலுள்ளவை படுத்து, கீழே இரண்டு மூன்று காய்ந்து தொங்க வேண்டும். வாங்கும் மரங்களில் எல்லா ஓலையும் ஒரே கோணம், குடை பிடித்த மாதிரி. கீழே தாழைப் புதர் இல்லாவிட்டால் கரை மொட்டையாக இருக்கும்.

தென்னைகளைப் பசை வைத்து நட வேண்டாம். பலகையில் சிறு பித்தளைக் குழாய் இறக்கி அதில் செருகுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பைக் கொண்டுவந்து கம்பியில் பூசிக்கொண்டேயிருக்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைத்த துணியோடு கை வாரத்துக்கு ஒருதரமாவது உள்ளே போக வேண்டிவரும், முதலில் முறிவது முன்வரிசைத் தென்னைதான்.