சாலைக்குக் கீழே இருக்கும் வீடுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு தெருவில் நின்று பாருங்கள். மேட்டுப்பக்க வீட்டுக்குப் படியேறிப் போக வேண்டும். பள்ளத்துப்பக்க வீட்டின் கூரை நம் கண்மட்டத்தில் இருக்கும். பாதாளச் சாக்கடைக் குழாயைச் சாலையோரம் பதித்தால் மேட்டு வீட்டுக் கழிவு தானாக இறங்கி வந்து சேரும். பள்ளத்து வீட்டுக் கழிவு ஏறி வராது. திட்ட அறிக்கையில் வீட்டு இணைப்புகளைக் கணக்கிடும்போது இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் எழுதுகிறார்கள். வேலை முடிந்தபின் ஒரு பக்கம் வெளியிலேயே நிற்கிறது. பம்ப் வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு பம்ப், அதற்கு மின்சாரம், ஆள், பழுதுச் செலவு. மழை பிடித்தால் கரண்ட் போகும் ஊரில் அந்த ஏற்பாடு நிலைக்காது.

விடுபட்ட வீடுகள் பழைய உறிஞ்சுகுழியோடு இருந்துவிடும். சமவெளியில் உறிஞ்சுகுழி நல்ல ஏற்பாடு. செங்குத்தான சரிவில் அதுவே ஆபத்து. நாள்தோறும் உள்ளே இறங்கும் தண்ணீர் மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே தங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே சரிவு ஊறிக் கிடக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை மழைக்கு எந்தச் சரிவும் அசையும்தான். ஆனால் முதலில் அசைவது, காலடி வெட்டப்பட்டு, வடிகால் அடைபட்டு நிற்கும் சரிவு.

ஆகவே முதன்மைக் குழாய் கீழே ஓடையோரமாகத்தான் போக வேண்டும். பொறியியல், சூழல், மக்கள் மூன்றும் ஒன்றாக வந்து முட்டும் இடம் அது. இதற்குத் தனித்தனியாக மூன்று அறிக்கை எழுதி ஒன்றாகத் தைப்பதில் பயனில்லை. வார்டு எல்லையை மறந்துவிட்டு, ஓடை தொடங்கும் ஊற்றிலிருந்து அது ஆற்றில் சேரும் இடம்வரை ஒரே தாளில் வரைய வேண்டும். நகராட்சியின் சாக்கடை, குடிநீர்க் குழாய், நெடுஞ்சாலைத் துறையின் சிறுபாலம், வருவாய்த் துறையின் புல எல்லை எல்லாம் அந்தத் தாளில் ஏற வேண்டும். பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

அந்தத் தாளுக்காக ஓடையை இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும்: பிப்ரவரியில் ஒருமுறை, நவம்பர் மழையில் ஒருமுறை. காய்ந்த நாளில் தெரியாத ஊற்று மழையில் தெரியும். அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கேட்டால், எந்தச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, எந்த வீட்டுக் கதவு இந்த வருடம் மூட மறுக்கிறது, வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று துல்லியமாகச் சொல்வார்கள். அந்த வெள்ள அடையாளத்துக்கு மேலேதான் மேன்ஹோல் மூடி இருக்க வேண்டும். இல்லையென்றால் மழை நாளில் ஓடையே குழாய்க்குள் நுழைந்து, சுத்திகரிப்பு நிலையத்தை மூழ்கடிக்கும். சரிவு அதிகமான இடத்தில் கழிவுநீரின் வேகம் வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மணல் உராய்ந்து குழாய் தேயும். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர வேறுபாடு இருந்தால் கழிவுநீரைச் செங்குத்தாகக் கீழே இறக்கிவிடும் படியிறக்க மேன்ஹோல் கட்ட வேண்டும். குடிநீருக்கும் இதே கவனம் தேவை. 100 மீட்டர் இறக்கம் என்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ அழுத்தம். நடுவில் அழுத்தம் உடைக்கும் தொட்டி இல்லாவிட்டால் இணைப்புகள் கசியும். அந்தக் கசிவும் சரிவுக்குள்தான் போகும்.

ஓடையோரம் கணக்கில் புறம்போக்கு. அங்கே இருப்பவர்கள் தோட்ட வேலையிலிருந்து நின்றவர்கள், மார்க்கெட்டில் சுமை தூக்குபவர்கள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ரேஷன் கார்டு உண்டு, மின் இணைப்பு உண்டு, பட்டா இல்லை. 'ஆக்கிரமிப்பு' என்று ஒரே சொல்லில் இவர்களை எஸ்டிமேட்டிலிருந்து தள்ளிவிட முடியும். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி நிதி வரும் திட்டங்களில் அது செல்லாது. நிலத்துக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும், கணக்கெடுப்பின் முடிவு நாளுக்கு முன் அங்கே குடியிருந்தவருக்கு, இழக்கும் கட்டடத்தின் மதிப்பும் இடம் மாறும் உதவியும் தர வேண்டும் என்பது அவற்றின் விதி. நிதி எங்கிருந்து வந்தாலும் இதுவே சரி என்பது எங்கள் கருத்து.

இந்தக் கணக்கெடுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் நேரத்தால். பகல் பதினோரு மணிக்குப் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும்; தேயிலை பறிக்கப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். பூட்டிய வீடு பட்டியலில் ஏறாது, பிறகு அதை ஏற்றவும் முடியாது. மாலை ஐந்துக்கு மேல், இல்லாவிட்டால் ஞாயிறு. வீட்டுக்கு எண் எழுதி, அந்த எண் தெரியப் படம் எடுத்து, பட்டியலை ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்ட வேண்டும். குழாய்ப் பாதை பென்சில் கோடாக இருக்கும்போது இரண்டு மீட்டர் தள்ளி வரைந்தால் நான்கு வீடு தப்பும். டெண்டர் போனபின் அதே இரண்டு மீட்டர் திருத்திய மதிப்பீடாகி, புது ஒப்புதல் கேட்கும். பெரும்பாலும் யாரும் கேட்கப் போவதில்லை, வீடுதான் போகும்.

வெட்டுமண்ணுக்கும் எஸ்டிமேட்டில் இடம் வேண்டும். 0.8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் ஒரு கிலோமீட்டர் தோண்டினால் 1,200 கன மீட்டர் மண். வெட்டியபின் உப்பி ஏறக்குறைய 1,500 ஆகும். கொட்ட இடம் சொல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் சாலையோரத்தில் குவிப்பார். ஓர் இரவு மழையில் அது சிறுபாலத்தை அடைக்கும். தடுப்புச் சுவரிலும் இதே கதைதான். ஒரு மீட்டருக்கு ஒன்றாக வடிதுளை விட்டிருப்பார்கள். பின்னால் சரளைக்கல் அடுக்காமல் வெட்டிய செம்மண்ணையே போட்டு மூடியிருப்பார்கள். இரண்டு மழையில் துளை அடைபட்டு, தண்ணீர் சுவரைத் தள்ளும். துளையை எண்ணிப் பில் போடுவதோடு, பின்நிரப்பை மூடுமுன் படமெடுத்து வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தோடு இணைக்கச் சொல்வது சின்ன நிபந்தனை, பெரிய காவல்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கோ குப்பைக் கிடங்குக்கோ இடம் தேடும்போது வரைபடத்தில் காலியாகத் தெரியும் புல்வெளியில்தான் கை போகும். அது தோடர் குடியிருப்பான மந்துக்கு உரிய மேய்ச்சலாகவோ வழிபாட்டு இடமாகவோ இருக்கலாம். சதுப்பாக இருந்தால், கோடையில் கீழ் ஓடைக்குத் தண்ணீர் விடுவதே அதுதான். 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் பேச்சு முதலில். இடத் தேர்வு பிறகு. 1990-இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல், 1955 மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்டும் அனுமதி இரண்டுக்கும் அளவெடுப்பு முடிந்த அன்றே விண்ணப்பிப்பது நல்லது.

கொள்ளளவுக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளை மறப்பது சகஜம். கொடைக்கானலின் 2011 மக்கள்தொகை 36,501. 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் அங்கே வார இறுதிக்கு விதித்த வரம்பு நாளுக்கு 6,000 வண்டி. வண்டிக்கு 5 பேர் என்றாலே 30,000 பேர். அதுவும் குடிநீர் குறைவான மாதங்களில்.

காலக்கெடுவையும் மலை பார்த்துப் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை, ஏப்ரல் மே சீசன் நெரிசல், ஜனவரி இரவுகளில் உறைபனி. உறைபனியில் கான்கிரீட் இறுகத் தாமதமாகும். காலையில் போட்டு, மாலைக்குள் சாக்கோ தார்ப்பாயோ மூடி, வார்ப்புப் பலகையைக் கூடுதல் நாள் பிரிக்காமல் விட வேண்டும். தோண்டும் வேலைக்கு மிகவும் நிம்மதியாகக் கிடைப்பது பிப்ரவரியும் மார்ச்சும். குழியைத் திறந்தால் அன்றன்று மூடக்கூடிய நீளம் மட்டும் திறக்க வேண்டும். எங்கள் கணக்கில் குறுகிய சந்துகளில் 20 மீட்டர். பள்ளத்து வீட்டுக்காரர் மாலையில் கூடையோடு அந்தப் படியில்தான் இறங்கி வருவார்.