ஃபான்ராங் குன்றின் மேல் முகலிங்கம்

வியட்நாமில் சிவன் கோயில் என்றால் நம்மவர்கள் மீசோனுக்குத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அது இடிந்துபோய்க் காட்டுக்குள் கிடந்த கோயில் தொகுதி. வியட்நாமின் சிறுபான்மை இனத்தவரான சாம் மக்கள் இன்றும் ஈசனுக்கு நீராட்டி, ஆடை சாற்றி, படையல் வைத்துக் கும்பிடுவதைக் காண வேண்டுமா? தெற்கே நின் துவானுக்கு வாருங்கள். 2025 ஜூலையில் இந்த மாகாணத்தைக் கான் ஹோவாவோடு சேர்த்துவிட்டார்கள். தலைநகராக இருந்த ஊர் ஃபான்ராங்.

வியட்நாமிலேயே மழை குறைந்த சீமை இது. திராட்சைப் பந்தல், கள்ளிச்செடி, ஆட்டு மந்தை, சுள்ளென்ற வெயில். ஊருக்கு மேற்கே ஒரு குன்றின் மேல் செங்கல் கோபுரங்களாக நிற்கிறது போ க்ளோங் கராய் கோயில். 13ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டி சாம் மன்னர் மூன்றாம் ஜெய சிம்மவர்மன் எழுப்பியது. கிழக்கு பார்த்த வாசல். நிலைக்கு மேலே ஆறு கைகளோடு ஆடுகிறார் பெருமான். இருபுறமும் கல் நிலைகளில் சாம் எழுத்துகள். அண்ணாந்து பார்த்ததுமே கை தானாகக் கூப்பிக்கொண்டது.

நான் போனது சாம் மக்களின் ஆண்டுத் திருவிழாவான காதேவுக்கு. இறைவனின் ஆடைகளை மலைவாழ் ரக்லாய் மக்கள்தான் காத்து வருகிறார்கள். விழாவுக்கு அவர்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் பூசை. வெள்ளுடைப் பூசாரிகள் கதவைத் திறக்க, ஆமை ஓட்டில் செய்த இரண்டு தந்தி வாத்தியத்தை இழைத்தபடி ஒருவர் துதி பாடுகிறார். உள்ளே மரச் சட்டத்தின் கீழ் முகலிங்கம். லிங்கத்தில் வடித்த முகம் சிவனும்தான், தெய்வமாகிவிட்ட போ க்ளோங் கராய் மன்னரும்தான். அந்த முகத்தை நீரால் துடைத்து, அரச உடை சாற்றுகிறார்கள். கருவறை மிகச் சிறியது, ஆளோடு ஆள் இடித்துக்கொண்டுதான் எட்டிப் பார்க்க முடியும். பார்த்தேன். தேவாரம் ஒன்று வாய்க்குள்ளேயே ஓடியது.

முன்கூடத்தில் நந்தி. விளைச்சல் நன்றாக வர வேண்டும் என்று உழவர்கள் அதன் முன் காணிக்கை வைப்பது பழைய வழக்கம். படையலில் வெற்றிலை, சோறு, பழத்தோடு ஆட்டிறைச்சியும் உண்டு. அது அவர்கள் முறை. முகம் சுளிக்காமல் நின்று கும்பிடுங்கள். வெளியே முரசும் சரனாய்க் குழலும் முழங்க, பெண்கள் விசிறியோடு ஆடுகிறார்கள்.

அப்புறம் பாவ் ச்சுக் கிராமத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே குயவர் சக்கரம் கிடையாது. பானையைச் சுற்றிப் பெண்களே நடந்து நடந்து வனைகிறார்கள். 17ஆம் நூற்றாண்டு மன்னர் போ ரோமேயின் கோயில் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கும் அதே நாளில் காதே உண்டு.

கம் ரான் விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக வரலாம். ரயில் என்றால் தாப் சாம் நிலையத்தில் இறங்குங்கள், கோயில் பக்கத்திலேயே. காதே, சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதம் முதல் நாள். பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். டிக்கெட் போடும் முன் அந்த வருடத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.